13 வயசிலும் விழாத பால் கோரைப்பல்

பல்லாண்டு:
13 வயசுப் பொண்ணு. வலதுல மேல் கோரைப்பல் வந்து வருஷமாச்சு, இடதுல பால்பல் ஆடக்கூட இல்ல. "கெட்டிப் பல்லு, அதான் விழல"ன்னு வீட்ல பெருமை வேற. உதட்டைத் தூக்கி ஈறு மேல விரலை ஓட்டினா இடப்பக்கம், இறங்கப்போற கோரைப்பல்லோட மேடே தட்டுப்படல, வழவழன்னு பள்ளம். அண்ணத்துல தடவினா கல்லு மாதிரி ஒரு புடைப்பு! சிபிசிடி (முப்பரிமாண எக்ஸ்ரே) எடுத்தா, படுத்துக் கிடந்த கோரைப்பல்லோட கூர் பக்கத்து வெட்டுப்பல் வேர்ல மூணுல ஒரு பங்கை அரிச்சிருந்தது. அந்த வெட்டுப்பல்லு வலிக்கவும் இல்ல, ஆடவும் இல்ல. 10 வயசுல அந்த மேட்டை யாராவது தேடியிருக்கலாம்.

ஞானப்பல்:
எதுக்கு இவ்வளவு பயமுறுத்தல்? 11 வயசுப் பையன், பால்பல்லைப் பிடுங்கினதும் பத்தே மாசத்துல கோரைப்பல் நேரா இறங்கிடுச்சு.

அண்ணக்காரர்:
ஞானப்பல், அது எங்கே கிடந்ததுன்னு சொல்லாம விட்டா எப்படி? பால்பல்லைப் பிடுங்கிப் பார்க்கிறது 10–13 வயசுக்கு, வரிசையில இடமும் இருந்தா. கோரைப்பல்லோட கூர் பக்கத்து வெட்டுப்பல் வேரோட நடுக்கோட்டைத் தாண்டலன்னா பத்துக்கு ஒன்பது திரும்பும், தாண்டிட்டா ஆறு தேறும். இது 1988 ஸ்வீடன் ஆய்வுக் கணக்கு. ஆறாம் மாசம் எக்ஸ்ரே. ஒரு வருஷத்துல நகரலன்னா ஈறைத் திறந்து, பல்லுல பட்டன் ஒட்டி, சங்கிலி போட்டு இழுக்கணும். விசை 60 கிராமுக்குள்ள. முதல்ல பின்பக்கமா இழுத்து வெட்டுப்பல் வேரை விட்டு விலக்கணும், அப்புறம்தான் வரிசைக்கு. அவசரப்பட்டு நேரா இழுத்தா மிச்ச வேரையும் உரசும்.

முப்பத்திரண்டு:
அரிச்ச வெட்டுப்பல்லை எடுத்துட்டு உடனே இம்ப்ளாண்ட் (எலும்புல பதிக்கிற செயற்கைப் பல்) கேட்டு வருவாங்க பாருங்க, ஒத்துக்காதீங்க. 15 வயசுல வச்ச ஒண்ணை 19ல பார்த்தா, பக்கத்துப் பற்கள் இறங்கி, அது மட்டும் 2 மி.மீ. மேலே நின்னுட்டு இருந்தது. சிரிச்சா படி மாதிரி தெரியுது. சொந்தப் பல்லைச் சுத்தி நார் இருக்கு, தாடை வளர வளரக் கூடவே வரும். இம்ப்ளாண்ட் எலும்போட ஒட்டிக்கும், வராது. பக்கத்துப் பல்லைச் செதுக்கி கேப் போடறதும் வேணாம், இந்த வயசுல பல்கூழ் அறை பெருசு, நரம்பைத் தொட்டுடும். பக்கத்துப் பல்லோட பின்பக்கமா இறக்கை வச்சு ஒட்டுற பொய்ப்பல், அதாவது பாலம், போதும். அது கழண்டா மறுபடி ஒட்டிக்கலாம். 18 ஆயிடுச்சேன்னும் நம்பாதீங்க. ஒரு வருஷ இடைவெளியில முகத்துக்கு ரெண்டு பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாருங்க. தாடைக் கோடு விலகினா இன்னும் வளருதுன்னு அர்த்தம், அதுவரை அந்தப் பாலமே இருக்கட்டும்.