மின்சார கார் வாங்கினால் வீட்டு மின்கட்டணம் எவ்வளவு கூடும்?

கேள்வி (சிங்காநல்லூர், கோவை)

அனைவருக்கும் வணக்கம். பத்து ஆண்டுகளாக ஓட்டிவந்த பெட்ரோல் காரை விற்றுவிட்டு, 24 கிலோவாட் மணி (அதாவது 24 யூனிட்) பேட்டரி கொண்ட டாடா டியாகோ மின்சார காரை வாங்கலாம் என்று எண்ணியிருக்கிறேன். அலுவலகம், பிள்ளைகளின் பள்ளி, வார இறுதியில் பொள்ளாச்சி என்று மாதம் சுமார் 1,200 கிலோமீட்டர் ஓடுகிறது. எங்களுடையது தனி வீடு. இரண்டு மாதத்திற்கு ஏறக்குறைய 420 யூனிட் மின்சாரம் செலவாகிறது.

கிலோமீட்டருக்கு ஐம்பது காசுக்கு மேல் ஆகாது என்று விற்பனை நிலையத்தில் சொன்னார்கள். என் மின்கட்டணத்தை யூனிட் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தேன்; யூனிட்டுக்கு மூன்று ரூபாய்தான் வந்தது. அப்படியானால் அவர்கள் சொன்னது சரி என்றே தோன்றுகிறது. ஆனாலும், ஏற்கெனவே வாங்கி ஓட்டிக்கொண்டிருப்பவர்களின் அனுபவத்தைக் கேட்காமல் முன்பணம் கட்ட மனம் வரவில்லை. இன்னொரு ஐயமும் உண்டு. வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பிளக்கே போதுமா, அல்லது 7.2 கிலோவாட் சார்ஜர் பொருத்தியே ஆக வேண்டுமா? ஆண்டுக்கு மூன்று நான்கு முறை ஊட்டிக்கும் போவோம்.

மறுமொழி 1 (தாம்பரம்)

உங்கள் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. நானும் இதே பிழையைச் செய்து, முதல் ரீடிங் எடுத்த அன்று திகைத்துப்போனதால் விரிவாக எழுதுகிறேன். காருக்கு ஏற்றும் மின்சாரம் உங்கள் வீட்டின் சராசரி விலையில் வருவதில்லை. வீட்டுச் செலவு முடிந்த பிறகு, அதற்கு மேலுள்ள படிகளின் விலையில்தான் வருகிறது.

2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட விகிதங்களை வைத்துக் கணக்கிடுகிறேன். அதன் பிறகு விகிதங்கள் சிறிது உயர்ந்திருப்பதால், வரும் தொகையை இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். 420 யூனிட்டில் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, மீதி 20 யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று மொத்தம் 1,245 ரூபாய் வரும். நீங்கள் வகுத்துப் பார்த்த மூன்று ரூபாய் இதிலிருந்து வந்ததுதான்.

இனி காரைச் சேர்ப்போம். பேட்டரியில் இருக்கும் ஒரு யூனிட்டுக்கு 8 கிலோமீட்டர் ஓடினாலும், சார்ஜ் ஏறும்போது பத்து விழுக்காட்டுக்கு மேல் வெப்பமாகப் போய்விடுவதால், மீட்டரில் ஓடும் யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பான கணக்கு. இரண்டு மாதத்தில் 2,400 கிலோமீட்டருக்குச் சுமார் 340 யூனிட் ஆகும், மொத்தம் 760. ஐந்நூறைத் தாண்டியவுடன் இரண்டாவது நூறு யூனிட்டுக்குக் கிடைத்த 2.25 ரூபாய்ச் சலுகை விலகி, அதற்கும் 4.50 கட்ட வேண்டியதாகிறது. அதாவது, 500 யூனிட்டில் இருந்து 501-க்குப் போகும் அந்த ஒரு யூனிட்டால் மட்டுமே 225 ரூபாய் கூடுகிறது. அதற்கு மேல் 600 வரை 8 ரூபாய், 800 வரை 9 ரூபாய். ஆக மொத்தம் 4,190 ரூபாய். காரால் கூடியது 2,945 ரூபாய், யூனிட்டுக்கு 8.66 ரூபாய், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒன்றேகால் ரூபாய்.

இதைக் கண்டு நீங்கள் பின்வாங்க வேண்டியதில்லை. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்கு அதே தூரத்திற்கு 160 லிட்டர், அதாவது பதினாறாயிரம் ரூபாய் வேண்டும். ஆண்டுக்கு எழுபத்தைந்தாயிரத்துக்கு மேல் மிச்சமாகிறது என்பது மிகைப்படுத்தாமல் சொல்லக்கூடிய செய்தி. அதை ஐம்பது காசு என்று சொல்லி விற்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. வீட்டு இணைப்பில் இரவு, பகல் என்று விகித வேறுபாடு இல்லை. ஆகவே கட்டணத்துக்காக நள்ளிரவு வரை விழித்திருந்து சார்ஜ் போட வேண்டியதில்லை.

மறுமொழி 2 (ஈரோடு, மின் ஒப்பந்தப் பணி செய்பவர்)

உங்கள் ஓட்டத்துக்கு 15 ஆம்பியர் பிளக்கே போதும். நாளுக்கு 40 கிலோமீட்டர் என்றால் ஆறு யூனிட், 3.3 கிலோவாட் வீதத்தில் இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடும். 7.2 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்கு உங்கள் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட சுமையை உயர்த்தவும் வேண்டியிருக்கலாம்.

ஆனால் "வீட்டிலுள்ள பிளக்" என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்குக் கவலை தருகிறது. இஸ்திரிப் பெட்டி விட்டுவிட்டுத்தான் மின்சாரம் இழுக்கும். தண்ணீர் மோட்டார் அரை மணி நேரத்தில் நின்றுவிடும். கார் அப்படியல்ல. முழு பேட்டரியையும் ஏற்றும் நாளில் எட்டு ஒன்பது மணி நேரம் இடைவிடாமல் 14 ஆம்பியருக்கு மேல் இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டில் உருகிப்போன சாக்கெட்டுகளை நானே பல வீடுகளில் மாற்றியிருக்கிறேன். மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் தனி வயரிங் இழுத்து, அதற்கென்று ஒரு எம்.சி.பி.யும் (மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிப்பது) போட்டு, தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் நீல நிற 16 ஆம்பியர் சாக்கெட்டைப் பொருத்துங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

எர்த்தை மறக்காதீர்கள். எர்த் சரியில்லாவிட்டால் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்து சார்ஜ் ஏறாது. கார் பழுது என்று எண்ணி சர்வீஸுக்கு அழைப்பவர்கள் பலர். உங்கள் வீட்டு எர்த் குழி பத்து ஆண்டுகளுக்கு மேல் பழையது என்றால், கார் வருவதற்கு முன்பே அளந்து பார்த்துவிடுங்கள்.

மறுமொழி 3 (மேட்டுப்பாளையம்)

ஊட்டிப் பயணத்தைப் பற்றி யாரும் எழுதாததால் நான் சொல்கிறேன். கோவையிலிருந்து ஊட்டி 86 கிலோமீட்டர்தான் என்றாலும், மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம் ஏற வேண்டும். நான்கு பேருடன் ஒன்றரை டன் எடையை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டுமே 8 யூனிட் வேண்டும். சமதளத்தில் ஓடும் செலவு அதற்கு மேல். 24 கிலோவாட் மணி பேட்டரியில் முழு சார்ஜுடன் கிளம்பினாலும் கால்வாசிக்கும் குறைவாகத்தான் மிஞ்சும். ஆகவே மலை ஏறுவதற்கு முன் அடிவாரத்தில் அரை மணி நேரம் ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டுக்கொள்வது நல்லது. அங்கு யூனிட் விலையுடன் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் சேரும், வீட்டில் ஆவதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் நான் கட்டுகிறேன். ஆண்டுக்கு நான்கு முறைக்கு அது ஒரு பொருட்டல்ல.

இறங்கும்போது நிலைமை தலைகீழாகும். ஏறும்போது செலவான மின்சாரத்தில் ஒரு நல்ல பங்கு பேட்டரிக்குத் திரும்பி வந்துவிடும். அதனால் ஊட்டி விடுதியில் இரவு முழுவதும் சார்ஜ் போட்டு நூறு விழுக்காட்டுடன் இறங்காதீர்கள். பேட்டரியில் இடம் இல்லாவிட்டால் ரீஜென் (வேகத்தைக் குறைத்தபடியே பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் முறை) வேலை செய்யாது, கொண்டை ஊசி வளைவுகளில் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். எழுபது விழுக்காட்டுக்கு மேல் வைத்துக்கொண்டு நான் இறங்குவதில்லை.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நான் சராசரியைப் பார்த்தது தவறு என்பது இப்போது தெளிவாகப் புரிகிறது. பேட்டரி உத்தரவாதத்தையும் என் ஓட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்: 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்கிறார்கள், எட்டு ஆண்டில் என் ஓட்டம் 1,15,200 கிலோமீட்டர்தான். ஒன்றேகால் ரூபாய் என்று வைத்தே முடிவு எடுக்கிறேன். கூரையில் சூரியத் தகடு போட்டு இதை ஐந்நூறு யூனிட்டுக்குள் கொண்டுவர முடியுமா?

மறுமொழி 1 (தாம்பரம்)

முடியும். என் வீட்டில் 3 கிலோவாட் தகடுகள் நாளுக்குச் சராசரியாக 12 யூனிட் தருகின்றன. நெட் மீட்டரில் (தகடுகள் தரும் யூனிட்டை நாம் செலவழிக்கும் யூனிட்டிலிருந்து கழிக்கும் மீட்டர்) கழித்த பிறகு காரின் யூனிட்டுகள் முழுவதும் அதிலேயே அடங்கிவிடுகின்றன. 2024-இல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் அந்த அளவுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் முதலில் காரை வாங்கி இரண்டு ரீடிங் பாருங்கள். எத்தனை கிலோவாட் வேண்டும் என்பது அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.