பழைய தாளில் திருவாடியும் ஐந்து ஆறுகளும்

குடமுருட்டிக் கரை:
இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடத் தாள் ஒன்றின் நகல் போன மாதம் கிடைத்தது. எண் 58 என்/1. நிலத்தில் ஒரு மைல், தாளில் ஒரு அங்குலம். தஞ்சாவூரும் திருவையாறும் ஒரே தாளில்; நடுவில் ஒரு சாண்கூட இல்லை. அந்தச் சாணுக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. பஸ்ஸில் பாலம் பாலமாகக் கடந்திருக்கிறேன், ஐந்தையும் சேர்த்துப் பார்த்தது அன்றுதான்.

திருவையாற்றைத் 'திருவாடி' என்றும் கொள்ளிடத்தைக் 'கோலரூன்' என்றும் போட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு 78 வயது. பெயர்களை அவர் பார்க்கவே இல்லை. குடமுருட்டிமேல் விரலை வைத்தார். பிரியும் வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு, "இங்க மதகு, இங்க நம்ம களம்" என்று போய்க்கொண்டே இருந்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது. சின்ன நீலத் திட்டு. "இந்தக் குளத்துலதாண்டா நான் நீச்சல் கத்துக்கிட்டேன்." இப்போது அங்கே வீட்டு மனைகள். மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் தெரு அது. இத்தனை வருடம் சாக்கடையைத் திட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் தன் பழைய இடத்துக்கு வருகிறது, அவ்வளவுதான்.

மலைப்பக்கத் தாள்கள் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வெறிச்சென்று இருக்கும். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் அரிது. ஊர் அவ்வளவு தட்டை.

பெரியகோயில் தெரு:
நீங்கள் தட்டை என்றதும் லாம்டன் நினைவுக்கு வந்தார். 1802-ல் சென்னையில் பெரும் நில அளவையைத் தொடங்கியவர். தஞ்சைப் பக்கம் வந்தால் மேடும் இல்லை, பார்வையைத் தோப்புகள் மறைக்கின்றன. கோயில் கோபுரங்களின் மேல்தான் கோணம் அளக்கும் தியோடலைட் கருவியை ஏற்றினார். 1808-ல் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள தியோடலைட் சுவரில் மோதி நசுங்கியது. வாரக்கணக்கில் உட்கார்ந்து அவரே தட்டி நேராக்கினார். உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று சாயங்காலம் விமானத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஏறத்தாழ 200 அடி. அந்தக் கயிற்றைப் பிடித்திருந்த ஆட்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லையே. தாளை ஒருநாள் கொண்டுவாருங்கள், அண்ணா.

குடமுருட்டிக் கரை:
கொண்டுவருகிறேன் தம்பி, கொஞ்சம் பொறுங்கள். தாள் இப்போது அப்பாவிடம் இருக்கிறது. பெயர் போடாமல் விட்ட வாய்க்கால்களுக்கெல்லாம் பென்சிலால் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறார்.