மலையில் கடைசிப் பனி, தில்லியில் வசந்தகால முன்னறிவிப்பு: உங்கள் அனுபவங்கள்

ஆர்.கே.புரம் (தொடக்கப் பதிவு)

ஹோலி முடிந்து, ரஜாய்களை (பஞ்சு மெத்தைப் போர்வைகளை) வெயில் காட்டிப் பெட்டியில் அடுக்கிய பிறகு இமாசலத்திலும் காஷ்மீரிலும் பனி கொட்டுவதும், அதைத் தொலைக்காட்சியில் பார்த்த ஊர் உறவினர்கள் "அங்கே இன்னுமா குளிர்?" என்று தொலைபேசியில் கேட்பதும் தில்லித் தமிழர்களுக்குப் புதிதல்ல. அப்படியொரு கடைசிப் பனிக்குப் பிறகு வந்த முன்னறிவிப்பை நீங்கள் எப்படிப் படித்தீர்கள், அது எந்த அளவுக்குக் கைகொடுத்தது என்பதை இங்கே எழுதுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

இந்திய வானிலைத் துறையின் தலைமையகமான லோதி சாலை மௌசம் பவனிலிருந்து வரும் அறிக்கையில் தில்லிக்கான வரியை நான் கடைசியாகத்தான் படிப்பேன். மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, மேலடுக்குக் காற்றோட்டத்தோடு ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகக் கிழக்கே நகர்ந்து வரும் மேற்கத்திய இடையூறு எனும் காற்றழுத்தத் தாழ்வுதான் மலைக்குப் பனியையும் சமவெளிக்கு மழையையும் தருகிறது. ஆகையால் மேற்கு இமயமலைப் பகுதியில் பரவலாகப் பனி பொழியும் என்ற வரி வந்துவிட்டாலே நமக்கு என்ன வரப்போகிறது என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். இடையூறு நெருங்கும்போது கிழக்கு, தென்கிழக்குக் காற்று ஈரத்தைக் கொண்டுவந்து, மேகம் கவிந்து, இரவு புழுங்கும். அது கடக்கும்போது இடியுடன் மழை பெய்யலாம், ஆலங்கட்டியும் விழலாம். கடந்த பின்னர் வடமேற்கிலிருந்து வறண்ட காற்று பலமாக வீசி, ஓரிரு நாளைக்கு வெப்பநிலையைச் சில டிகிரி இறக்கிவிடும். 2025 பிப்ரவரி 27 அன்று தில்லியின் முதன்மை வானிலை நிலையமான சப்தர்ஜங்கில் குறைந்தபட்ச வெப்பநிலையே 19.5 டிகிரியாக இருந்தது. நாங்கள் மின்விசிறியைச் சுழலவிட்டுத் தூங்கிய அதே நேரத்தில் இமாசலத்தின் லாஹௌலில் பனி குவிந்துகொண்டிருந்தது. மார்ச் பிறந்து காற்று திசை மாறியதும் ஸ்வெட்டர்கள் மறுபடி வெளியே வந்தன.

பலரும் குழப்பிக்கொள்வது வேறோர் இடத்தில். பிப்ரவரி இறுதியில் வானிலைத் துறை அந்த வாரத்துக்கான அறிக்கையோடு, மார்ச் முதல் மே வரையிலான பருவகால முன்னோட்டத்தையும் வெளியிடுகிறது. அந்த ஆண்டு மலையில் பனி கொட்டிக்கொண்டிருக்கையிலேயே, நாட்டின் பெரும்பகுதியில் வெப்பம் இயல்பைவிட மிகுதியாக இருக்கும் என்ற முன்னோட்டம் வெளிவந்தபோது எங்கள் குடியிருப்பில் சிரிக்காதவர் குறைவு. ஆனால் நாடு முழுமைக்கும் எடுத்துக்கொண்டால் 1901-க்குப் பிந்தைய பதிவுகளில் அதுவே மிக வெப்பமான பிப்ரவரி. மாதக்கணக்கில் ஏறி நின்ற வெப்பத்தைச் சில நாள் பனி ஈடுகட்டிவிடாது. ஏப்ரல் முதல் வாரம் கழிந்த கையோடு சப்தர்ஜங் 40 டிகிரியைத் தாண்டிவிட்டது.

மயூர் விஹார்

ஐயா, காற்றின் திசையைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் வடாம் போடும் அனுபவத்திலிருந்து உறுதி செய்கிறேன். மார்ச்சில் வெயில் ஏறிவிடும், மே மாதத்து ஆந்தி என்னும் புழுதிப்புயல் இன்னும் தொடங்கியிருக்காது. மொட்டைமாடியில் வேட்டி விரிப்பதற்கு அந்த இடைவெளியை விட்டால் எங்களுக்கு வேறு காலம் இல்லை. அரிசியையும் ஜவ்வரிசியையும் முதல்நாள் இரவே ஊறவைக்க வேண்டியிருப்பதால், போடுவதா தள்ளிவைப்பதா என்ற முடிவையும் முதல்நாளே எடுத்தாக வேண்டும். கைபேசியில் தெரியும் சூரியன் படத்தை நான் பொருட்படுத்துவதில்லை. காற்று கிழக்கிலிருந்து என்றிருந்தால், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இட்ட வடாம் மேலே காய்ந்து அடியில் பிசுபிசுப்பாகவே நிற்கும்; துணியின் பின்புறம் தண்ணீர் தெளித்து உரிக்கும்போது கிழிந்து கையோடு வரும். மலையில் பனி நின்று, இங்கே மழையும் கடந்து, வடமேற்குக் காற்று தொடங்கிய பிறகு இட்டால், வெயில் சற்று மிதமாக இருந்தாலும் மாலைக்குள் ஓரம் சுருண்டு தானே கழன்றுவிடும். அந்தக் காற்று பலமாக வீசும் என்பதால் வேட்டியின் நான்கு மூலையிலும் செங்கல் வைப்பது கட்டாயம். குரங்குகளுக்குத்தான் இன்னும் எந்தத் துறையும் முன்னறிவிப்பு தருவதில்லை.

துவாரகா

பிள்ளைகளின் ஆண்டுத் தேர்வு முடிந்த மார்ச்சில், கஷ்மீரி கேட்டிலிருந்து இரவுப் பேருந்தில் மணாலி சென்றோம். பயணத்தை ஏற்பாடு செய்த முகவர், அடல் சுரங்கப்பாதை திறந்திருப்பதால் அதற்கு அப்பால் உள்ள சிஸ்ஸு கிராமம் வரை போய்விடலாம் என்று உறுதி கூறிப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். நாங்கள் புறப்பட்ட அன்றே இமாசல உயர்மலைப் பகுதிகளுக்கு ஆரஞ்சு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்ததை அவர் வாய்திறந்து சொல்லவில்லை. மஞ்சள் என்றால் கவனித்திருக்க வேண்டும், ஆரஞ்சு என்றால் தயாராக இருக்க வேண்டும், சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்க வேண்டும் என்ற இந்த மூன்றையும் மலைக்குப் போகும் எவரும் மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது.

2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அந்தச் சுரங்கப்பாதை ஏறக்குறைய 9 கிலோமீட்டர் நீளமுடையது. 3,978 மீட்டர் உயரத்திலுள்ள ரோதாங் கணவாயில் ஏறும் தேவையை அது நீக்கிவிட்டது உண்மையே. எனினும் அதன் இரு வாயில்களுமே 3,000 மீட்டருக்கு மேல் இருப்பதால், உள்ளே தரை உலர்ந்திருக்கையில் வாயிலை நோக்கி ஏறும் சாலை பனிக்கடியில் கிடக்கக்கூடும். சோலாங் அருகே காவலர்கள் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளை மட்டும், அவற்றிலும் டயரில் சங்கிலி கட்டியவற்றை மட்டும் மேலே விட்டார்கள். ஓட்டுநர் வண்டியைத் திருப்பிக்கொண்டே விளக்கியது இன்றும் நினைவிருக்கிறது. ஜனவரிப் பனி பொடியாக விழும், தட்டினால் உதிரும். மார்ச்சுப் பனியோ நீரை ஏந்திக் கனமாக விழுந்து, மறுநாள் வெயில் ஏறியதும் சரிவிலிருந்து மொத்தமாக நழுவும், ஆகவே பனி நின்ற மறுநாள் நண்பகலில்தான் அவர்களுக்குப் பயம் அதிகம் என்றார். 2025 பிப்ரவரி 28 அதிகாலையில் பத்ரிநாத்துக்கு அப்பால் மாணா அருகே எல்லைச் சாலைப் பணியாளர் முகாம் மீது பனிச்சரிவு விழுந்து, சிக்கிய 54 பேரில் 46 பேர் மீட்கப்பட்டு 8 பேர் உயிரிழந்ததை நாம் அறிவோம். பனிச்சரிவு எச்சரிக்கையைச் சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் தனியாக வெளியிடுகிறது. வானிலை அறிக்கையைப் பார்த்தவர்கள் அதையும் சேர்த்துப் பார்ப்பதே முறை.

முகவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை.

பூசா வளாகம்

கோதுமைப் பக்கத்தை ஒருவரும் தொடவில்லையே என்று எழுதுகிறேன். பஞ்சாப், ஹரியானா வயல்களில் மார்ச் மாதம் மணி பால் பிடித்து முற்றும் காலம். அப்போது வெப்பம் ஏறினால் மணி சூம்பிப்போகும். 2022 மார்ச், நாட்டில் அதுவரை பதிவானவற்றில் மிக வெப்பமான மார்ச்சாக அமைந்து, விளைச்சல் அடிபட்டு, மே 13 அன்று கோதுமை ஏற்றுமதிக்கே தடை வந்தது. அதனால் கடைசிப் பனிக்குப் பின் வீசும் குளிர்காற்றை உழவர்கள் வரவேற்பார்கள். ஆனால் அதற்கு முந்தைய நாளை அவர்கள் அஞ்சுவார்கள். நீர் பாய்ச்சிய வயலில் பலத்த காற்று வீசினால் வேர்ப்பிடி தளர்ந்து பயிர் படுத்துவிடும் என்பதால், செவ்வாயும் வெள்ளியும் வெளிவரும் வேளாண் வானிலை அறிக்கை இத்தகைய நாள்களில் பாசனத்தை நிறுத்தி வைக்கச் சொல்கிறது. கர்னால் பக்கம் ஒரு வயலில் இதை நேரில் கண்டிருக்கிறேன்: காற்றுக்கு முன்தினம் மடை திறந்த பாத்தி பாய் விரித்ததுபோல் கிடந்தது; வரப்புக்கு இந்தப் பக்கம், நீர் விடாத பாத்தி அசையாமல் நின்றது.

ஆப்பிளுக்கு இதே பனி இரு முகம் காட்டும். மொட்டு விரியும் முன் விழுந்தால், மரத்துக்குத் தேவையான குளிர் நேரமும் மண்ணில் ஈரமும் கிடைக்கும். ஏப்ரலில் பூத்த பிறகு விழுந்தால் பூ கருகும், தேனீயும் கூட்டை விட்டு வெளியே வராது.

கரோல் பாக்

முதலில் எழுதிய ஆர்.கே.புரம் ஐயா சொன்ன பருவகால முன்னோட்டத்தைப் பற்றி எனக்கு மறுப்பு உண்டு. 2025-இல் வெப்ப அலை நாள்கள் கூடும் என்றார்கள். நான் பழைய கூலரை விற்றுவிட்டு, கடன் வாங்கி ஏசி பொருத்தினேன். மே மாதமோ தில்லியின் பதிவுகளிலேயே மிகுந்த மழை பெய்த மே மாதமாக முடிந்தது. மே 2 விடியற்காலை அடித்த புயல்மழையில் எங்கள் தெருவே நீரில் நின்றது.

ஆர்.கே.புரம்

தங்கள் மறுப்பு நியாயமானதே. ஆயினும் பருவகால முன்னோட்டம் பல மாதிரிகளைச் சேர்த்துக் கணித்த வாய்ப்பளவு மட்டுமே; நாடு முழுமைக்கும், மூன்று மாதத்தின் சராசரிக்கும் அது பேசுகிறது, கரோல் பாக்கின் ஒரு விடியற்காலையைப் பற்றிப் பேசுவதில்லை. ஏசி வாங்கலாமா என்பதற்கு அதை ஓரளவு நம்பலாம். நாளை வடாம் இடலாமா என்பதற்கு நாளைய அறிக்கையும், வானம் கறுத்துவிட்டால் ரேடார் படமும்தான் துணை. இரண்டுக்கும் நடுவே, வியாழன்தோறும் வரும் இரு வார முன்னோட்டத்தை நம்மவர்கள் அதிகம் கவனிப்பதில்லை. அடுத்த இடையூறு எப்போது என்பதை அறிய எனக்கு அதுவே மிகவும் உதவுகிறது.

முனிர்கா

இரு வார முன்னோட்டத்தைக் குறிப்பிட்டதற்கு நன்றி. ஏப்ரலில் ஸ்ரீநகர் துலிப் தோட்டத்துக்குச் செல்பவர்கள், தோட்டத்தின் வானிலையை மட்டும் பார்த்துப் பயணச்சீட்டு எடுக்கிறார்கள். மலர்கள் நனைந்தாலும் பார்த்துவிடலாம். சாலை போனால் திரும்ப முடியாது. 2025 ஏப்ரல் 20 அன்று ராம்பனில் கொட்டிய மழையில் மண்சரிந்து ஜம்மு-ஸ்ரீநகர் நெடுஞ்சாலை மூடப்பட்டபோது, எங்கள் அலுவலக நண்பரின் குடும்பம் அந்தப் பக்கம் அகப்பட்டுக்கொண்டது. விமானக் கட்டணமோ அன்றைக்கே எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. ஆகவே சாலைவழி செல்வோர் ஸ்ரீநகரோடு ராம்பன், பனிஹால் இரண்டின் முன்னறிவிப்பையும் பாருங்கள். மேற்கத்திய இடையூறு வருவதாக இருந்தால், திரும்பும் நாளுக்குப் பின் ஒரு நாள் விடுப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.