நான்கு மொழி ஏற்றியும் சர்வே ஆங்கிலத்தில் திறக்கிறது, உதவி வேண்டும்

பனியன்நகர்:
வணக்கம். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் எச்ஆர் வேலை பார்க்கிறேன். 380 பேர் இருக்கிறோம். பாதிக்கு மேல் தமிழ்நாட்டுக்காரர்கள், மற்றவர்கள் பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். இவ்வளவு நாள் காகிதத்தில் எடுத்த கருத்துக்கணிப்பை இந்த வருடம் மென்பொருளில் போட்டோம். 24 கேள்விகள். தமிழ், ஹிந்தி, ஒடியா, வங்காளம் நான்கிலும் மொழிபெயர்ப்பை ஏற்றிவிட்டேன். நான் திறந்து பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரிகிறது.

ஆனால் எஸ்எம்எஸ்ஸில் லிங்க் போனவர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலத்தில்தான் திறக்கிறது. தமிழ் டெய்லர்களுக்கும் அப்படித்தான். ஹிந்தி மட்டும் சிலருக்குச் சரியாக வருகிறது. கேன்டீனில் வைத்த டேப்லெட்டில் வேறு தொல்லை: முன்னால் நிரப்பியவரின் மொழியிலேயே அடுத்தவருக்கும் திறக்கிறது. இதற்குள் 61 பேர் நிரப்பிவிட்டார்கள். இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது.

நொய்யல்கரை:
ஹிந்தி சரியாக வந்தவர்களின் ஃபோனை வாங்கிப் பாருங்கள். ஃபோனே ஹிந்தியில் இருக்கும். ஃபோனின் பிரவுசர் தன் மொழி என்ன என்பதை ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும் சேர்த்தே சொல்லிவிடும். உங்கள் மென்பொருள் அதைத்தான் எடுத்துக்கொள்கிறது. நம் ஆட்கள் பலர் ஃபோனை ஆங்கிலத்தில்தான் வைத்திருப்பார்கள், படிப்பது தமிழாக இருந்தாலும்.

இந்த மாதிரி மென்பொருள்களில் பொதுவாக ஒரு வரிசை உண்டு. லிங்கிலேயே மொழி குறித்திருந்தால் அது முதலில். அடுத்து பணியாளர் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே உள்ள மொழி. அதுவும் இல்லையென்றால் பிரவுசர், கடைசியில் சர்வேயின் அடிப்படை மொழி. உங்களுக்கு முதல் இரண்டும் வேலை செய்யவில்லை. பட்டியலில் மொழிப் பத்தி இருக்கிறதா? அதில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?

பனியன்நகர்:
இருக்கிறது சார். டிஎன், பிஆர், ஓடி, டபிள்யூபி என்று போட்டிருக்கிறேன்.

நொய்யல்கரை:
அதுதான் கோளாறு. அவை மாநிலக் குறிகள், வண்டி நம்பரில் வருபவை. மென்பொருள் எதிர்பார்ப்பது ஐஎஸ்ஓ 639 என்ற சர்வதேசத் தரத்தில் உள்ள மொழிக் குறி. தமிழுக்கு டிஏ (ta), ஹிந்திக்கு எச்ஐ (hi), வங்காளத்துக்கு பிஎன் (bn), ஒடியாவுக்கு ஓஆர் (or). எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில், முன்னும் பின்னும் இடைவெளி இல்லாமல். ஒடியாவில் பலரும் தடுமாறுவார்கள். 2011-இல் ஒரியா என்ற பெயர் ஒடியா ஆனது, ஆனால் குறி பழைய ஓஆர்தான்.

பத்தியைத் திருத்திப் பட்டியலை மறுபடி ஏற்றுங்கள். எக்செல்லிலிருந்து சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 வகையைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் தமிழில் எழுதிய பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறிவிடும்.

டேப்லெட்டில் பழைய மொழி குக்கியில், அதாவது பிரவுசர் சேமித்து வைக்கும் சிறு குறிப்பில், நிற்கிறது. சர்வே முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பும் கியோஸ்க் அமைப்பு இருக்கும், அதை இயக்குங்கள். முதல் பக்கத்தில் ஒவ்வொரு மொழியின் பெயரையும் அந்தந்த எழுத்திலேயே பெரிய பட்டன்களாக வையுங்கள். "மொழியைத் தேர்ந்தெடுக்கவும்" என்று ஆங்கிலத்தில் எழுதிப் பயனில்லை.

செக்கிங்மேசை:
தம்பி, இந்த வேலையை நான் ஏழெட்டு வருடம் பார்த்திருக்கிறேன். குறியைத் திருத்துவதற்கு முன் ஒன்று. நீங்கள் ஊரை வைத்து மொழியை நிரப்பியிருக்கிறீர்கள். அது சரிவராது. கஞ்சம் மாவட்டத்திலிருந்து வரும் ஒடிசாக்காரர்களில் தெலுங்கு படிக்கிறவர்கள் உண்டு. டார்ஜிலிங்கிலிருந்து வந்தவர் மேற்கு வங்கத்துக்காரர்தான், படிப்பது நேபாளியாக இருக்கலாம். பீகார்ப் பையன் வீட்டில் பேசுவது போஜ்புரியோ மைதிலியோ, படித்தது ஹிந்தி. "உன் தாய்மொழி எது" என்று கேட்டால் தவறான பதில்தான் கிடைக்கும். "எதில் படிப்பாய்" என்றுதான் கேட்க வேண்டும்.

ஒரு அட்டையில் ஒரே வாக்கியத்தை ஆறு மொழியில் அச்சிட்டுக் காட்டுங்கள். படிக்க வருகிற வரியில் அவர்களே விரல் வைப்பார்கள். எதிலும் விரல் வைக்காதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்குக் கேள்வியை வாசித்துக் காட்ட ஆள் வேண்டும், அது சூப்பர்வைசராக மட்டும் இருக்கக் கூடாது.

அப்புறம் அந்த 61 பதில்கள். ஆங்கிலம் தெரியாமல் நிரப்பியவர் எல்லாக் கேள்விக்கும் ஒரே இடத்தில், பெரும்பாலும் நடுவில் தட்டியிருப்பார். அவற்றைக் கணக்கில் சேர்த்தால் யாருக்கும் குறையே இல்லை என்று அறிக்கை வரும், மேலே இருப்பவர்களும் நம்பிவிடுவார்கள். தயவுசெய்து அவர்களுக்கு லிங்கைப் புதிதாகத் திறந்துவிடுங்கள்.

நொய்யல்கரை:
அக்கா சொன்னதோடு இன்னொன்று. மொழிவாரியாக முடிவைப் பிரித்து நிர்வாகத்துக்குக் கொடுக்காதீர்கள். நேபாளி படிப்பவர் மூன்றே பேர் என்றால், பெயர் போடாவிட்டாலும் யார் என்ன சொன்னார் என்று தெரிந்துவிடும். குறைந்தது எத்தனை பேர் இருந்தால் பிரித்துக் காட்டலாம் என்ற அமைப்பு இருக்கும், 5-க்குக் கீழே இறக்காதீர்கள்.

பனியன்நகர்:
ரொம்ப நன்றி சார், நன்றி அக்கா. குறியை மாற்றி நாங்களே 10 ஃபோனில் சோதித்தோம், பத்திலும் சரியான மொழி. டேப்லெட்டும் சரியாகிவிட்டது. அட்டையை நேற்று இரண்டு லைனில் மட்டும் காட்டினோம். ஒடிசாக்காரர்கள் 22 பேரில் 5 பேர் தெலுங்கில் விரல் வைத்தார்கள். இரண்டு வருடமாக அவர்களுக்கு ஒடியாவில் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். மனது கஷ்டமாகிவிட்டது. தெலுங்கையும் சேர்க்கப் போகிறேன். அதைத் தனி சர்வேயாகப் போடலாமா?

நொய்யல்கரை:
வேண்டாம். தனியாகப் போட்டால் முடிவுகளைக் கையால்தான் சேர்க்க வேண்டும். இதே சர்வேயில் கூடுதல் மொழியாகச் சேருங்கள், குறி டிஇ (te). ஒவ்வொரு கேள்விக்கும் விடைக்கும் மென்பொருள் உள்ளே வைத்திருக்கும் அடையாளக் குறி எல்லா மொழிக்கும் ஒன்றே என்பதால் பதில்கள் தானாக ஒரே இடத்தில் சேரும். ஏற்றியதும் விடை வரிசையை மட்டும் ஒருமுறை பாருங்கள். மற்ற மொழிகளில் 5 என்பது "முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்" என்றால், தெலுங்கிலும் 5 அதுவாகவே இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பவர் வரிசையைத் திருப்பிவிட்டால் அந்த 5 பேரின் பதில் அப்படியே தலைகீழாகப் பதிவாகும்.

செக்கிங்மேசை:
தெலுங்கில் முடித்ததும் அந்த ஐந்து பேரில் ஒருவரை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுங்கள் தம்பி. ஓடி (ஓவர்டைம்), ஷிப்ட், சூப்பர்வைசர் என்று ஃபுளோரில் சொல்வதையே எழுதுங்கள். எங்கே வாசிப்பு நிற்கிறதோ அந்தக் கேள்வியை மாற்றுங்கள்.

பனியன்நகர்:
சரி அக்கா. நாளை டீ டைமில் வாசிக்கச் சொல்கிறேன். கடைசித் தேதியை 10 நாள் தள்ளிக் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள்.