உக்ரேன் பூனைங்களுக்கு இங்கேர்ந்து என்ன செய்யலாம்?

ஈசூன்_மியாவ்:
சிங்கப்பூர்ல எங்க புளோக் கீழ சுத்துற பூனைங்களுக்கு சாப்பாடு வைக்கிற குரூப்புல நானும் ஒருத்தி. கார்கிவ்ல குண்டு விழுந்த ஃபிளாட்லேர்ந்து பூனைங்கள தூக்கிட்டு வர்ற வீடியோ பாத்ததுலேர்ந்து மனசே சரியில்ல. பிஸ்கட் மூட்டை சேத்து அனுப்பலாமா, இல்ல ஒன்ன இங்க கொண்டாந்து வளக்கலாமா? 2024 செப்டம்பர்லேர்ந்து எச்டிபி அடுக்குமாடி வீட்ல ரெண்டு பூனை வச்சிக்கலாம்ல, எங்க வீட்ல ஒன்னுதான் இருக்கு.

கோப்பிஓ_கோசோங்:
எச்டிபில விடறது வேற, நாட்டுக்குள்ள விடறது வேறம்மா. சிங்கப்பூர்ல 1953லேர்ந்து ரேபிஸ், அதான் வெறிநாய்க்கடி நோய், கிடையாது, அதனாலதான் விலங்குங்கள கவனிக்கிற அரசாங்க அமைப்பு ஏவிஎஸ் இவ்ளோ கெடுபிடி. உக்ரேன்ல ரேபிஸ் இன்னும் இருக்கு. சிப், ஊசி, ரத்தப் பரிசோதனை, லைசென்ஸ், குவாரண்டைன்னு இழுத்துக்கிட்டே போகும். 2022ல போலந்து மாதிரி நாடுங்க விதியத் தளர்த்தி அகதிங்கள பூனை நாயோட உள்ள விட்டாங்க, ஆனா அது பக்கத்து நாடு, நடந்தே வந்தாங்க. பிளேன் காசுல அங்கயே எத்தனையோ பூனைக்கு ஊசியும் கருத்தடையும் பண்ணிடலாம். மூட்டையும் வேணாம், கார்கோ காசு பிஸ்கட்ட விட அதிகம். அப்புறம், வெளிநாட்டு உதவிக்குன்னு இங்க பொதுமக்கள்கிட்ட வசூல் பண்ணா பெர்மிட் வாங்கணும், மறந்துடாத.

சும்மா_கேட்டேன்:
மனுஷனுக்கே சோறு இல்லாத இடத்துல பூனைக்கு பிளேன் டிக்கெட்டா 🙄

வல்வெட்டி_மாமா:
தம்பி அப்பிடிச் சொல்லாதேங்கோ. 95 ஒக்டோபர்ல யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடேக்க அம்மா முதல் செய்தது மாட்டை அவிட்டு விட்டதுதான், கட்டினபடி விட்டா தண்ணி இல்லாமச் செத்துப்போகுமெல்லோ. நாய் நாவற்குழிப் பாலம் மட்டும் பின்னால ஓடி வந்தது, பிறகு சனத்துக்குள்ள காணேல்லை. சோறில்லாத எங்கட ஆக்கள்தான் இதெல்லாம் யோசிச்சவை. கூட்டுக்குள்ள கிடக்கிறதை ஆர் அவிட்டு விடுறது? ஈராக்கில சண்டை நடந்த மொசூல் மிருகக்காட்சிசாலையில கடைசியா உயிரோட மிஞ்சினது ஒரு சிங்கமும் ஒரு கரடியும்தான். ஃபோர் பாஸ் எண்ட விலங்கு நல அமைப்பின்ர வைத்தியர்மார் 2017இல அதுகளை ஏத்திக்கொண்டு வர, செக்பொயின்ற்றில மறிச்சுப் போட்டாங்கள். ஏப்ரல்லதான் ஜோர்தானுக்குக் கொண்டுபோக ஏலுமாப் போச்சு.

கிளினிக்_அக்கா:
வெட் கிளினிக்ல வேல பாக்குறேன், ஒன்னு மட்டும் சொல்றேன். இடிஞ்ச வீட்லேர்ந்து வர்ற பூனை பல நாள் பட்டினி. பாவமேன்னு கிண்ணம் நிறைய வச்சா அதுவே எமன். ஒரேயடியா சாப்டா ரத்தத்துல பொட்டாசியம், பாஸ்பேட் சடார்னு எறங்கிடும், இதயமே நின்னுடலாம். கொஞ்சம் கொஞ்சமா, பல வேளையா, கூடவே ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கிட்டுதான் குடுக்கணும். அதுக்கு ட்ரிப் ஏத்தறது, லேப், ஆளு எல்லாம் வேணும், பிஸ்கட் மூட்டை கடைசிதான். சும்மா_கேட்டேன் தம்பி, வீடே போனாலும் பூனைய விட்டுட்டு வரமாட்டேன்னு குண்டுக்கு நடுவுல உக்காந்திருக்கிற பாட்டிங்க இருக்காங்க. பூனைய ஏத்தினாதான் பாட்டி வண்டில ஏறும், தெரிஞ்சுக்க.

ஈசூன்_மியாவ்:
சரிக்கா, அப்ப என் காசு மட்டும் அனுப்பறேன். எந்த அமைப்ப நம்பறது?

கோப்பிஓ_கோசோங்:
அங்க பதிவு இருக்கா, வருஷக் கணக்கு போடறாங்களான்னு பாரு. படத்த கூகுள்ல போட்டுத் தேடு, ஒரே பூனைய நாலு பேர்ல காட்டி காசு கேக்குற கூட்டம் இருக்கு. தனி ஆளு பேர்ல பேபால் லிங்க் வந்தா தொடவே தொடாத.