புதுப்பிப்பு: 11 வாரத்தில் கேட்ட நஞ்சுக்கொடிக் கேள்வி, பிள்ளை பிறந்தாச்சு

பதில் எழுதின அக்காமார் எல்லாருக்கும் நன்றி. வேலைப்பளுவில் இப்போதுதான் எழுதக் கிடைத்தது.

மூத்தவன் 35 வாரத்தில் 1.7 கிலோவோடு பிறந்தவன். நஞ்சுக்கொடி வழியாகப் போதிய இரத்தம் போகவில்லை என்றார்கள். இரண்டாவது தங்கியதும் பயத்தில், இப்பவே என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன்.

"பழைய கிளினிக் கார்டோடு 16 வாரத்துக்கு முன்னமே டொக்டரிடம் போ, நஞ்சுக்கொடிக்கு இரத்தம் நன்றாகப் போக உதவும் அஸ்பிரின் மாத்திரை பற்றிக் கேள்" என்று ஒரு அக்கா எழுதியதுதான் கைகொடுத்தது. ஹட்டனில் காட்டினேன். கார்டைப் பார்த்ததுமே, 12ஆம் வாரத்திலிருந்து இரவில் 75 மில்லிகிராம் என்று எழுதித் தந்தார். 36 வாரத்தில் நிறுத்தினோம். எல்லாருக்கும் ஒத்துவராதாம், நீங்களாக பார்மசியில் வாங்கிக் குடிக்காதீர்கள்.

'படுத்தே கிட' என்று சிலர் சொன்னீர்கள், அம்மாவும் அதையேதான் சொன்னார். டொக்டர் வேண்டாமென்றார்: படுத்துக் கிடந்தால் பிள்ளை கூடுதலாக வளரப்போவதில்லை, காலில் இரத்தம் கட்டவும் கூடும். தேயிலைக் கொழுந்துக்கூடை மட்டும் தூக்கவில்லை.

28 வாரத்திலிருந்து வளர்ச்சி ஸ்கேனும், பிள்ளைக்கு இரத்தம் ஓடுவதைப் பார்க்கும் டொப்ளர் ஸ்கேனும். அந்த மலைப்பாதையில் பஸ் பயணம் தனிக்கதை.

எதிர்பாராதது இரண்டு. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டு நெஞ்செரிச்சல் வந்தது. சாப்பிட்டபின் போட்டதும் நின்றது. 33 வாரத்தில் ஒருநாள் வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைந்தது. விடியும்வரை பார்ப்போம் என்றார் மாமி. நான் கேட்கவில்லை, இரவோடிரவாக ஓட்டோவில் போனோம். பிள்ளையின் இதயத்துடிப்பு நன்றாகவே இருந்தது.

38 வாரத்தில் மகள், 2.6 கிலோ.