சரமாக வரும் கணிதக் கோவையைப் பைத்தானில் பகுப்பது எப்படி?

கேள்வி:
பயனர் தட்டச்சு செய்யும் இயற்கணிதக் கோவையைப் பெற்று அதன் வகைக்கெழுவைக் காட்டும் வலைச்செயலி ஒன்றைப் பைத்தானில் எழுதி வருகிறேன். வரும் சரத்தை (எழுத்துத் தொடரை), கணிதக் கோவைகளைக் குறியீடுகளாகவே கையாளும் சிம்பை நூலகத்தின் சிம்பிஃபை செயற்கூறிடம் அப்படியே கொடுக்கிறேன். "3*எக்ஸ்^2" சரியாக வேலை செய்கிறது. பாடநூல் வழக்கப்படி "3எக்ஸ்^2" என்று எழுதினால் பிழைச்செய்தி வருகிறது. மின்திறனுக்கான "ஐ^2*ஆர்" என்ற கோவையோ (இரண்டும் ஆங்கிலப் பெரிய எழுத்துகள்) வெறும் "-ஆர்" ஆகிவிடுகிறது. ரெகெக்ஸ் (எழுத்து வடிவங்களைத் தேடி மாற்றும் விதி) கொண்டு சரத்தை முன்கூட்டியே திருத்துவதா, சொந்தமாகப் பார்சர் (சரத்தைப் பகுக்கும் நிரல்) எழுதுவதா?

பதில் 1:
ரெகெக்ஸ் வேண்டாம், அடைப்புக்குறிகள் ஒன்றுக்குள் ஒன்றாக வரத் தொடங்கியதும் அது கைவிட்டுவிடும். "ஐ" என்ற பெரிய எழுத்தைச் சிம்பை கற்பனை அலகாக வைத்திருப்பதால், அதன் வர்க்கம் -1 ஆகிறது. பார்ஸ்_எக்ஸ்ப்ர் செயற்கூறைப் பயன்படுத்தி, அதன் லோக்கல்_டிக்ட் அளவுருவில் அந்தப் பெயரைச் சாதாரண மாறியாக அறிவித்துவிடுங்கள். அந்தச் செயற்கூறு சரத்தை டோக்கன்களாக (எண், பெயர், குறி என்ற சிறு துண்டுகளாக) உடைத்து, அவற்றைத் திருத்தும் உருமாற்றங்கள் வழியே அனுப்பி, பிறகுதான் மதிப்பிடுகிறது. விடுபட்ட பெருக்கல் குறியைச் சேர்ப்பதற்கும், "^" குறியை அடுக்காகக் கொள்வதற்கும் தனித்தனி உருமாற்றங்கள் உள்ளன. பின்னதை மறந்துவிடாதீர்கள், வெறும் பைத்தானில் "^" என்பது அடுக்கு அன்று, பிட்டுகளை ஒப்பிடும் எக்ஸார் என்பதால் 2^3 என்பதன் விடை 8 அன்று, 1.

பதில் 2:
மேலே சொன்னது தனிக்கணினியில் ஓடும் நிரலுக்குப் பொருந்தும், வலைச்செயலிக்குப் பொருந்தாது. சிம்பிஃபை, பார்ஸ்_எக்ஸ்ப்ர் இரண்டும் கடைசியில், சரத்தை நிரலாகவே இயக்கும் பைத்தானின் ஈவாலையே அழைக்கின்றன; நம்பகமற்ற உள்ளீட்டை இவற்றிடம் தரக்கூடாது என்று அவற்றின் ஆவணமே எச்சரிக்கிறது. கோவை என்ற பெயரில் வரும் சரம், உங்கள் சேவையகத்தில் ஒரு கோப்பை அழிக்கும் கட்டளையாகவும் இருக்கலாம். எண், மாறி, ஐந்து செயற்குறிகள், அடைப்புக்குறி, அனுமதித்த சில சார்புகள் என்று இலக்கணத்தைச் சுருக்கிக்கொண்டு நீங்களே பார்சர் எழுதி, கிடைக்கும் மரத்திலிருந்து (கோவையின் அமைப்பைக் கிளைகளாகக் காட்டுவது) சிம்பை பொருள்களை உருவாக்குவதே நல்லது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. எழுதத் தொடங்கிவிட்டேன். ஆனால் "-3^2" என்பதற்கு என் பார்சர் 9 என்கிறது.

பதில் 2:
எதிர்க்குறி அடுக்கைவிட இறுக்கமாகப் பிணைகிறது என்று பொருள். எக்செல் அப்படித்தான் செய்கிறது. கணித வழக்கும் பைத்தானும் -9 என்றே கொள்கின்றன. 1973இல் வாகன் பிராட் விவரித்த முறையில் எழுதினால் இதை எண்களாலேயே கட்டுப்படுத்தலாம். கூட்டலுக்கும் கழித்தலுக்கும் 10, பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் 20, முன்னொட்டாக வரும் எதிர்க்குறிக்கு 25, அடுக்குக்கு 30 என்று பிணைப்பு வலிமை தாருங்கள். எதிர்க்குறியைக் கண்டதும் பார்சர் 25 என்ற வரம்புடன் (அதைவிட வலிய குறிகளை மட்டும் தொடர்ந்து படிக்கும்படி) தன்னையே அழைக்கிறது. 3ஐப் படித்தபின் வரும் "^" 30 வலிமை கொண்டது என்பதால் அங்கே நிற்காமல் 3^2 முழுவதையும் விழுங்கிய பிறகே திரும்புகிறது. அடுக்கின் வலப்பக்கத்தைப் படிக்க மட்டும் 29 என்ற வரம்பைக் கொடுத்தால், 2^3^2 என்பது வலமிருந்து இணைந்து 512 ஆகும். கொடுக்காவிட்டால் 64 வரும்.

பதில் 3:
விடுபட்ட பெருக்கலுக்கு என்ன வலிமை தருவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். "1/2எக்ஸ்" என்பதை எக்ஸின் பாதி என்றும் படிக்கலாம், 2எக்ஸின் தலைகீழ் என்றும் படிக்கலாம். 20 தந்தால் முன்னது கிடைக்கும், 22 தந்தால் பின்னது. எது சரி என்று வாதிடுவதில் பயனில்லை. பகுத்த மரத்தைப் பின்னக் கோட்டுடன் திரையில் வரைந்து, பயனர் ஒப்புக்கொண்ட பிறகு வகையிடுங்கள். அப்படி வரையும்போது சிம்பை தானாகச் சுருக்கிவிடாமலிருக்க இவாலுவேட் அளவுருவை அணைத்து வையுங்கள். இல்லையெனில் "எக்ஸ்+எக்ஸ்" என்று எழுதியவருக்கு "2எக்ஸ்" என்று காட்டும்.